மூடி மூடிக் கெட்ட தோல் சீட்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தச் சைக்கிள் சீட்டின் சொந்தக்காரரை யாரும் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மழை வருமுன் பிளாஸ்டிக் பை போட்டு மூடினார். தோல் வறண்டதாகத் தெரிந்தபோதெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவினார். தொய்வு தட்டியதும் தோலை இழுத்து இறுக்கும் போல்ட்டை முறுக்கினார். அப்படியும் ஆகஸ்ட்டில் வாங்கிய சீட் பிப்ரவரிக்குள் நடுவில் பள்ளம் விழுந்து, அடியில் பூஞ்சை பூத்து, ரிவிட்டைச் சுற்றிக் கறுத்துப்போனது. நனையவிட்டால் தோல் கெடும் என்று சொல்ல ஓர் ஆய்வு தேவையில்லை. இத்தனையும் செய்த பிறகு ஏன் கெட்டது என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் தோல் சீட்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் சேதங்கள் எல்லாம் இதில் ஒருசேர இருப்பதால், இதை மாதிரி நிகழ்வாகவே எழுதியிருக்கிறோம்.

வண்டியும் சூழலும்

எஃகுச் சட்டம், 32 மி.மீ. டயர். பொங்கோல் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை காலையில் ஒரு சவாரி, மாலையில் ஒரு சவாரி. பகல் முழுக்க நிலையத்தின் இரண்டடுக்கு நிறுத்துமிடத்தில் கீழ்த்தட்டில் நிற்கும். இரவில் வீட்டு வாசல் தாழ்வாரத்தில், குடிமைத் தற்காப்புப் படை கேட்கும் 1.2 மீட்டர் வழியை விட்டுவிட்டு, வெளிச் சுவரோரம். பின் மட்கார்ட் டயரில் உரசிச் சத்தம் போட்டதால் முதல் மாதமே கழற்றிப் பரணில் போடப்பட்டது.

சீட் தேன் நிறம். தோல் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன், எஃகு ரிவிட்டுகள், 7 மி.மீ. எஃகுக் கம்பிகள், மூக்கின் அடியில் இழுப்பு போல்ட். 1866-இல் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் 1882-இல் சீட்டுக்கு முதல் காப்புரிமை வாங்கியது. அந்தத் தலைமுறையின் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. உள்ளே பஞ்சு கிடையாது, பிளாஸ்டிக் ஓடு கிடையாது. ஒற்றைத் தோல் துண்டு முன் மூக்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே தூளிபோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆளின் எடையை அந்தத் தோல் ஒன்றே தாங்குகிறது. ஆகவே ஈரம் என்பது இங்கே அழகைக் கெடுக்கும் விஷயம் மட்டுமில்லை, வலுவைக் குறைக்கும் விஷயம்.

இப்படிப்பட்ட சீட்டுக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலைத்தான் எடுப்பார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு நம் பக்கத்தில் பதனிடுவதும் இதே வகைதான். இந்தத் தோலை நனைத்தால் இளகும்; இளகிய நிலையில் எந்த வடிவத்துக்கு அழுத்துகிறோமோ அந்த வடிவத்திலேயே காய்ந்து நிற்கும். சீட்டை வளைத்து உருவாக்குவதே இந்தக் குணத்தை வைத்துத்தான். தொழிற்சாலையில் ஈரத்தோலை அச்சில் அழுத்துகிறார்கள். மழையில் நனைந்த சீட்டில் நாம் உட்காரும்போது அதே வேலை நடக்கிறது, அச்சு மட்டும் மாறிவிடுகிறது.

சோதனையில் கண்டவை

முதலில் எடை. சீட்டைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்ததில் 588 கிராம் காட்டியது. முழுதாக உலர்ந்து முடிந்தபின் 536 கிராமில் நின்றது. அதாவது 52 கிராம் தண்ணீர், இரண்டு நாள் மழையில்லாமல் இருந்த பிறகும், மேல்புறம் தொட்டால் காய்ந்ததுபோலவே இருந்தபோதும். தோல் சீட்டின் ஈரத்தைக் கையால் தொட்டு முடிவு செய்வது வீண். மேல்புறம் மெழுகும் மழமழப்பும் உள்ள பக்கம், சீக்கிரம் காய்ந்த தோற்றம் தரும். அடிப்புறம் சொரசொரப்பான திறந்த நார். தண்ணீரை அதுதான் குடிக்கிறது, அதுதான் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. புதுச் சீட் வாங்கியதும் அதன் எடையைக் குறித்துவைத்தால், பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு தராசு போதும்.

அடிப்புறத்தில் நகத்தை அழுத்தினால் பிறைபோல் தடம் பதிந்து அப்படியே நின்றது. உலர்ந்த சீட் தோலில் அப்படி நிற்காது.

வெள்ளைப் பூச்சு இரண்டு இடங்களில் இருந்தது, இரண்டும் வேறு வேறு. மேல்புறம் பின் விளிம்பில் படிந்திருந்தது மெழுகு. தடவிய கொழுப்பு மேலே வந்து உறைந்தது. வெந்நீரில் முக்கித் துடைத்த ஸ்பூனின் அடியை ஒரு நொடி வைத்ததும் உருகி மறைந்துவிட்டது. அடிப்புறத்தில், மூக்குத் தகட்டுக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இருந்தது உருகவில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் மெல்லிய பஞ்சுபோல் எழும்பி நின்றது. மூடிய அலமாரி வாடை. இது பூஞ்சை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மெழுகைப் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள், பூஞ்சையை மெழுகு என்று நினைத்து மேலே இன்னும் மெழுகு பூசுகிறார்கள். இரண்டாவது ஆபத்தானது. கொழுப்பு பூஞ்சைக்கும் உணவு.

எஃகு ரிவிட்டுகளைச் சுற்றி கருவளையம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை என்பது நமக்குப் பழைய செய்தி. பட்டைச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருளும் துருவும் ஈரத்தில் சந்தித்தால் அதே கறுப்புதான் கிடைக்கும். செம்பு ரிவிட் வைத்த சீட்டுகளில் இந்தக் கறுப்பு வராது, பதிலாகப் பச்சை நிறத்தில் மெழுகுபோல் ஒன்று கசியும். செம்பும் தடவிய கொழுப்பும் சேர்ந்து உண்டானது, துணியால் துடைத்தால் போய்விடும்.

மூக்கிலிருந்து பின் விளிம்புவரை இரும்பு அளவுகோலை வைத்ததில் நடுவில் 31 மி.மீ. இடைவெளி. பக்கவாட்டு மடல்கள் வெளியே விரிந்திருந்தன. இழுப்பு போல்ட்டின் மரையில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. பின் ரிவிட் ஒன்றின் ஓரத்தில் அரை அங்குலம் நீளாத கீறல், ஆனால் தோலின் பாதித் தடிமன்வரை போயிருந்தது. சொந்தக்காரர் முதலில் புகார் சொன்னது இவை எதையுமல்ல. அலுவலகக் கால்சட்டையில் பழுப்புக் கறை ஒட்டுகிறது என்பதைத்தான். ஈரமான தோலிலிருந்து சாயமும் துவர்ப்புச் சாறும் இறங்கும்போது அது நடக்கும். கறை ஒட்டுகிறது என்றால் ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பொருள். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வந்த வழி

மேலிருந்து விழுந்த மழை இந்தச் சீட்டுக்கு அதிகம் கேடு செய்யவில்லை. பை அதைத் தடுத்தது. கேடு செய்தது கீழிருந்து ஏறிய தண்ணீர்.

பின் மட்கார்ட் இல்லாத வண்டியில், நனைந்த சாலையில் டயர் அள்ளும் தண்ணீர் மேல்நோக்கிப் பறந்து சீட்டின் அடிப்புறத்தில் பின்பாதியில் அடிக்கிறது. மழை விட்டு அரைமணி ஆனாலும் சாலையில் தண்ணீர் இருக்கும்வரை இது நிற்காது. மேலே வெயில், சீட் மேல்புறம் காய்ந்திருக்கிறது, அடியில் மண்ணும் எண்ணெயும் கலந்த தண்ணீர் தெளித்துக்கொண்டே வருகிறது. பையோ சீட்டுக்கு மேலே மாட்டும் தொப்பியோ இதற்கு உதவாது. சீட்டின் அடியில் பின்பக்கம் தொங்கும் ஒரு சின்னப் பை இருந்திருந்தால்கூடப் பாதி காப்பாற்றியிருக்கும்.

நிறுத்துமிடத்தில் இன்னொரு வழி. இரண்டடுக்கு ரேக்கில் மேல்தட்டு வண்டி நனைந்து வந்தால், அதன் சங்கிலி எண்ணெயோடு சேர்ந்த தண்ணீர் கீழ்த்தட்டுச் சீட்டில் சொட்டும். கூரை இருக்கிறதே என்று கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தாழ்வாரத்தில் சாரல் உண்டு. மேல்மாடியில் மூங்கில் கம்பில் காயும் துணியின் சோப்புத் தண்ணீரும் சில புளோக்குகளில் உண்டு. தாழ்வாரம் கழுவும் நாளில் குழாய்த் தண்ணீர் வேறு. கழுவும் தேதியை முன்கூட்டியே கீழே ஒட்டிவிடுகிறார்கள், அதைப் பார்த்து வண்டியை உள்ளே எடுப்பது ஒன்றும் சிரமமில்லை.

ஆனால் தண்ணீர் வந்ததைவிட அது வெளியே போகாமல் இருந்ததுதான் இந்த நிகழ்வின் மையம். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் நீண்டகாலக் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,113 மி.மீ. மழை, சராசரியாக 171 மழை நாட்கள். தோல் சீட்டுக்காரர் பார்க்க வேண்டிய எண் இவையல்ல, காற்றின் ஈரப்பதம். விடியுமுன் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் நடுப்பகல் கழிந்து 60 விழுக்காட்டுக்கு அருகே இறங்கும். தோல் தானாக உலர்வதற்கு வெளியில் கிடைக்கும் நேரம் அந்தச் சில மணிநேரம்தான்.

இந்தச் சீட் அந்த நேரத்தில் எங்கே இருந்தது? நிலையத்தில், பைக்குள். காலையில் அடிப்புறம் நனைந்து வரும், உடனே பை மாட்டப்படும், கைப்பிடியை முடிச்சுப் போட்டுக் கட்டப்படும். மதியம் வெயில் ரேக்கின் ஓரத்தில் படும்போது பைக்குள் வெப்பம் ஏறும், ஈரம் ஆவியாகி மேலே ஒட்டித் திரும்பத் தோலிலேயே இறங்கும். மாலையில் பையைக் கழற்றி ஓட்டுவார். ஈரத்தோல்மேல் முழு எடை. வீடு வந்ததும் மீண்டும் பை, விடியும்வரை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு என்று ஆனதால், அதே பையை வாரக்கணக்கில் உள்ஈரத்தோடே திரும்பப் பயன்படுத்தியதும் சேர்ந்துகொண்டது. காற்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். முடிச்சுப் போட்ட பைக்குள் அதைவிட நல்ல வசதி.

டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவத்தில் நாள்முழுக்க விடாத மழை வரும்போது 60 விழுக்காடு என்ற இறக்கமே கிடைக்காது. ஈரப்பதம் 100-ஐத் தொடுவதும் உண்டு. இந்தச் சீட்டின் பள்ளத்தில் பெரும்பகுதி விழுந்தது அந்த இரண்டு மாதங்களில்தான் என்பது போல்ட் முறுக்கிய கணக்கிலிருந்து தெரிந்தது: செப்டம்பரிலும் அக்டோபரிலும் முறுக்க வேண்டியே வரவில்லை, டிசம்பரிலிருந்து வாரம் ஒருமுறை.

எண்ணெயும் ஸ்பேனரும் செய்தது

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகும். சிங்கப்பூரில் அது எப்போதும் திரவம். மேலே தங்கித் தண்ணீரைத் தடுக்காமல் நாருக்குள் இறங்கி, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கிறது. செருப்புக்கு அது நல்லது, இழுத்துக் கட்டிய சீட்டுக்கு அது தொய்வு. நல்லெண்ணெயும் அப்படியே, கூடவே நாள்பட்டுப் பிசுபிசுப்பு. குதிரைச் சேணத்துக்குத் தடவும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைச் சிலர் பரிந்துரைப்பார்கள். காய்ந்து வெடித்த பழைய சீட்டுக்குச் சிறிதளவு சரி, நல்ல சீட்டுக்கு வேண்டாம். சீட்டுக்குத் தேவை கெட்டியான கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சு. புரூக்ஸின் புரூஃபைடு அந்த வகை. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம் வெயிலில் மேற்பரப்பிலேயே நிற்கும்.

போல்ட் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். ஈரத்தில் தோல் நீண்டு தொய்கிறது. அப்போது இழுப்பு போல்ட்டை முறுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் நீளும், முறுக்கியவருக்கு வேலை நடந்த திருப்தி. பிறகு ஒருநாள் தோல் காயும்போது சுருங்கும். சுருங்க இடமில்லாததால் இழுவை முழுவதும் ரிவிட் துளைகளில் போய் நிற்கும். பின் ரிவிட்டின் கீறல் அப்படி வந்ததுதான். ஈரச் சீட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது. உலர்ந்த சீட்டிலும் ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதன்பின் சில வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று.

சீர் செய்தது

சீட்டை, அதைத் தாங்கும் தண்டோடு கழற்றாமல், இரண்டையும் இணைக்கும் கிளாம்பிலிருந்து தனியாக எடுத்தோம். அடிப்புறம் முழுக்கக் காற்றுப் பட வேண்டும். இழுப்பு போல்ட்டை இரண்டு முழுச் சுற்று தளர்த்தினோம், காயும்போது சுருங்க இடம் வேண்டுமே. அடியில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் எடுத்து, பழந்துணியை உருட்டி நடுப்பள்ளத்தை அடியிலிருந்து லேசாக மேலே தாங்கும்படி வைத்தோம். மேலிருந்து அழுத்தமில்லை, கீழிருந்து மெல்லிய முட்டு. ஈரத்தோல் வைத்த வடிவில் காயும் என்ற அதே குணத்தை இந்த முறை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது.

உலர்த்தியது ஏசி அறையில், மேசை விசிறி ஒரு மீட்டர் தள்ளி, குறைந்த வேகத்தில். உள்ளே ஈரம் உறிஞ்ச முதல் நாள் மட்டும் செய்தித்தாள் வைத்து இரண்டு முறை மாற்றியது. வெயிலில் வைக்கக் கூடாது. தலைமுடி உலர்த்தி, அடுப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 70 டிகிரியைத் தாண்டிச் சூடானால் நார் சுருங்கிக் கொம்புபோல் இறுகிவிடும், அதை எந்தப் பூச்சும் திருப்பிக் கொண்டுவராது. தலைமுடி உலர்த்தியைக் கிட்டே பிடித்தால் அந்தச் சூடு எளிதில் வரும். எடை ஒரு நாளுக்கு 2 கிராமுக்குக் குறைவாக மாறும் நிலை வந்ததும் உலர்ந்ததாகக் கொண்டோம். நாலாம் நாள் அந்த நிலை வந்தது.

பூஞ்சைக்கு முதலில் சன்னலோரம் முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பழைய பல்துலக்கியால் துலக்கல். பிறகு 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பிழிந்து, துடைத்தல். தெளிக்கக் கூடாது, சாயம் திட்டுத் திட்டாக வெளுக்கும். முதலில் மடலின் உட்புறத்தில் ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. பிளீச் தோலின் நாரையே அரிக்கும், அது கிட்டேயே வரக் கூடாது. வினிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக் குறிப்பு என்று அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். இரும்பை வினிகரில் ஊறவைத்த சாறுதான் தோல் வேலைக்காரர்கள் தோலைக் கறுப்பாக்கப் பூசுவது. எஃகு ரிவிட் பக்கத்தில் வினிகர் போட்டால் அதே சாறு அங்கேயே தயாராகும்.

ரிவிட்டின் அடித்தலையிலிருந்த துருவைத் துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தோம். கம்பிப் பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் தூள் தோலில் விழுந்து, அடுத்த ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியாகும். துருவெடுத்த தலைகளில் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு கோட், கம்பிகளில் மெல்லிய மெழுகு. தோலில் ஏற்கெனவே ஊறிவிட்ட கருவளையத்தை அப்படியே விட்டோம். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும், ஆனால் நச்சுப் பொருள், தோலையும் வறட்டும். நிறத்துக்காக வலுவைக் கொடுப்பது இந்த நிலைமையில் அர்த்தமில்லை.

பூச்சு அதன்பிறகுதான். மேல்புறத்துக்கு 3 கிராம், சுண்டைக்காய் அளவு இரண்டு உருண்டை. விரலால் தேய்த்து, இரவு விட்டு, காலையில் பருத்தித் துணியால் மெருகு. அடிப்புறத்துக்கு 2 கிராம், அதுவும் பின்பாதியில் மட்டும் மெல்லியதாக. திறந்த நார் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும், குடிக்கிறதே என்று கொடுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் ஊறிய சீட் என்பதால் இந்த முறை அடிப்புறத்தில் அதைவிடவும் குறைத்தோம்.

விரிந்த மடல்களுக்குக் கயிறு. ஒவ்வொரு மடலிலும் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே, 4 மி.மீ. துளை நான்கு. தோல் துளைப்பானால் குத்த வேண்டும். டிரில் போட்டால் நார் பிய்ந்து விளிம்பு கிழியும். மெழுகிட்ட கயிற்றை ஷூ லேஸ்போல் குறுக்காகக் கோத்து, மடல்கள் செங்குத்துக்கு வரும்வரை இழுத்து முடிந்தது. கயிறு சீட் தண்டின் கிளாம்பில் உரசாதபடி துளைகளை அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். மடல்கள் விரியாமல் பிடித்ததும் மேல்தளம் தானாக எழும்பும்: இடைவெளி 31-லிருந்து 24 மி.மீ. ஆனது. பிறகு போல்ட் பழைய நிலைக்கு வரவில்லை. தளர்த்திய இரண்டு சுற்றில் ஒன்றை மட்டும் திரும்ப முறுக்கினோம், கால் கால் சுற்றாக.

மாற்றிய ஏற்பாடு

மட்கார்ட் திரும்ப வந்தது. 32 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. அகலம், டயருக்கும் மட்கார்ட்டுக்கும் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி. முன்பு உரசியதற்குக் காரணம் தாங்கு கம்பியின் ஒரு நட் தளர்ந்திருந்ததுதான்.

அதோடு சீட்டின் அடியில் ஒரு தடுப்பு. கடையில் வாங்கும் வளைகின்ற பிளாஸ்டிக் வெட்டுப்பலகை, 1 மி.மீ. தடிமன். நீளம் 26 செ.மீ., பின்பக்கம் 14 செ.மீ., மூக்குப் பக்கம் 4 செ.மீ. அகலமாக வெட்டி, கிளாம்ப் வரும் இடத்தில் 5-க்கு 7 செ.மீ. ஒரு செவ்வகம் எடுத்துவிட்டு, நான்கு பிளாஸ்டிக் டையால் கம்பிகளில் கட்டுவது. கம்பிகளின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். மேல்பக்கம் கட்டினால் உட்காரும்போது தோல் இறங்கி அதில் உரசும், காற்றும் போகாது. மட்கார்ட் போட முடியாத வண்டிக்காரர்களுக்கு இது ஒன்றாவது இருக்கட்டும். முழு மட்கார்ட் உள்ள மடக்கு சைக்கிளுக்குத் தேவையில்லை.

மூடும் முறை மாறியது. பைக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த குளியல் தொப்பி; விலை மலிவு, அடிப்பக்கம் திறந்தே இருக்கும், உள்ஈரம் கீழே போக வழி உண்டு. நனைந்த சீட்டில் அதைப் போடுவதில்லை. முதலில் மேலும் கீழும் துடைப்பு, பிறகு தொப்பி. மழை அறிகுறியே இல்லாத நாளில் தொப்பியே இல்லை. அதைத் தீர்மானிக்க தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் இரண்டு மணிநேர முன்னறிவிப்பும் மழை வரைபடமும் உண்டு, பாதி நேரம் அது போதும். விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை மட்டும் ஏமாற்றும். வேகமாக வந்து, வேகமாகப் போய், சாலையை நனைத்து வைத்துவிடும்.

ஓட்டும்போதே மழை பிடித்தால்? கூரைக்கடியில் நிற்பது முதல் தேர்வு. நிற்க நேரமில்லாவிட்டால் தொப்பியைப் போட்டுக்கொண்டே ஓட்டலாம். மணல் சிக்கித் தோலில் கீறல் விழும் என்று சிலர் இதை மறுப்பார்கள். கீறல் மேலோட்டம், ஈரத்தோலில் உட்கார்ந்து விழும் பள்ளம் நிரந்தரம். இரண்டில் கீறலை ஏற்பதே சரி. சுருக்கமில்லாமல் இறுக்கிப் போட வேண்டும், வளைவுகளில் வழுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரவில் சீட் வீட்டுக்குள் வருகிறது, தண்டோடு. கழற்ற ஒரு நிமிடம். உயரம் தவறாமலிருக்கத் தண்டில் ஒரு சுற்று டேப், தண்டு போன துளையில் ரப்பர் அடைப்பான். இல்லாவிட்டால் சாரல் சட்டத்துக்குள் இறங்கி அங்கே வேறு துரு. படுக்கையறையில் திறந்த அலமாரித் தட்டு நல்ல இடம். பாம் ஷெல்ட்டர் (வீட்டோடு கட்டிய குண்டுத் தற்காப்பு அறை) வேண்டாம்: கனத்த கதவை மூடினால் காற்றோட்டம் மிகக் குறைவு, பூஞ்சைக்கு அது சொந்த வீடு. ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பக்கத்தில் வைப்பவர்கள் அது கவிழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே சேர்வது கால்சியம் குளோரைடு உப்புத் தண்ணீர். தோலில் கொட்டினால் வெறும் மழையைவிடக் கேடு, கம்பியும் துருப்பிடிக்கும். கேமராவுக்கு வாங்கிய உலர்பெட்டியில் இடமிருந்தால் 50 விழுக்காட்டை ஒட்டி வைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம், தோல் வறண்டு வெடிக்கும்.

மெழுகுப் பூச்சு ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும். நவம்பர் கடைசியில் ஒன்று, பருவமழை ஓய்ந்து மார்ச்சில் ஒன்று. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பூசுவது பழைய தப்புக்கே திரும்புவது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகல் முழுக்க வெளியில் நிற்கும் வண்டிக்கு டிசம்பர், ஜனவரியில் தோல் சீட் பொருத்தமான பொருள் இல்லை. மலிவான செயற்கைச் சீட் ஒன்றை அந்த இரண்டு மாதத்துக்கு மாட்டுவது எல்லாப் பூச்சுகளையும்விட நன்றாகக் காக்கும். அதே வடிவம் வேண்டுமென்றால் ரப்பரும் பருத்தித் துணியும் கொண்டு செய்த கேம்பியம் வகை இருக்கிறது. ஈரம் அதன் வலுவைத் தொடாது, தோல்போல் உடம்புக்கு ஏற்பப் படிந்தும் கொடுக்காது. சொந்தக்காரர் செயற்கைச் சீட்டைத் தேர்ந்தெடுத்தார். மாற்றும்போது இரண்டுக்கும் தனித்தனியாகத் தண்டு வைத்துக்கொண்டால் கோணம் ஒவ்வொரு முறையும் மாறாது.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி அளந்ததில் இடைவெளி 25 மி.மீ. எடை 539 கிராம், அந்த நாளின் காற்றீரத்துக்கு இயல்பு. புதுப் பூஞ்சை இல்லை. கருவளையம் அப்படியே, தேன் நிறம் திட்டுத் திட்டாகக் கறுத்த பழுப்பு, கால்சட்டையில் கறை இல்லை. ரிவிட் ஓரத்துக் கீறல் நீளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கோட்டைத் தாண்டினால் அந்தச் சீட்டில் இனி ஓட்டக் கூடாது. போல்ட்டில் மூன்று சுற்று மிச்சம் இருக்கிறது.